விடியுமுன் விழிக்கும் குழந்தை: முதல் பகல் தூக்கத்தில் இருக்கிறது சூட்சுமம்

மணி நாலே முக்கால். வீடே தூங்குகிறது. குழந்தை மட்டும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு, சுற்றும் ஃபேனைப் பார்த்துச் சிரித்தபடி இரண்டு காலாலும் மெத்தையை உதைக்கிறது. அழவில்லை, பசியில்லை, திரும்பத் தூங்கும் உத்தேசமும் இல்லை. அந்த நேரத்தில் நாம் செய்யக்கூடியது ரொம்பக் கொஞ்சம். தட்டிக்கொடுத்தாலும், பால் கொடுத்தாலும், தோளில் போட்டு நடந்தாலும் பத்தில் எட்டு நாள் பலிக்காது. இதைச் சரிசெய்யும் வேலை முந்தைய நாள் காலை எட்டு மணியிலும், மாலை ஐந்து மணியிலும், ஜன்னல் துணியிலும்தான் கிடக்கிறது.

ஏன் விடிகாலையில் மட்டும் இப்படி? தூக்கத்தை இரண்டு விஷயங்கள் பிடித்து வைத்திருக்கின்றன. ஒன்று, விழித்திருந்த நேரத்தில் சேர்ந்த களைப்பு. இன்னொன்று, உடம்புக்குள் இருக்கும் கடிகாரம். இரவு பத்து மணிக்குக் களைப்பு மலைபோல இருக்கும். குக்கர் விசில் அடித்தாலும் குழந்தை அசையாது. நாலரை மணிக்குள் அந்தக் களைப்பு பெரும்பாலும் கரைந்துவிடும். உடல் வெப்பம் அடிமட்டத்தைத் தொட்டு மேலே ஏறத் தொடங்கியிருக்கும். தூக்கமும் ஆழம் குறைந்து, கனவுத் தூக்கமாக இருக்கும். குழந்தையின் ஒரு தூக்கச் சுற்று ஏறக்குறைய 50 முதல் 60 நிமிடம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அது லேசாக விழிப்புக்கு வந்துதான் அடுத்ததற்குப் போகிறது. பத்து மணிக்கு அந்த இடைவெளியைத் தாண்டிவிடும் குழந்தை, நாலரைக்குத் தாண்ட முடியாமல் எழுந்துவிடும். கால் சில்லிட்டது, ஜன்னலில் ஒரு கீற்று வெளிச்சம், பால்காரர் கேட்டைத் திறந்த சத்தம் என்று ஏதோ ஒரு சின்னக் காரணம் அதற்குப் போதும்.

முதலில் கணக்கு

நாலு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்தப் பதிவு பொருந்தாது. அந்த வயதில் உடல் கடிகாரமே இன்னும் அமைந்து முடிந்திருக்காது. பசித்தால் பால், ஈரமானால் துணி, அவ்வளவுதான். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் பிரசவ தேதியாகக் குறித்திருந்த நாளிலிருந்து வயதைக் கணக்கிடுங்கள்.

அதற்கு மேற்பட்ட குழந்தை என்றால் ஐந்து நாளுக்கு ஒரு தாளில் எழுதுங்கள். செல்போன் செயலி வேண்டாம். இருட்டில் திரையைத் தட்டுவதே ஒரு வெளிச்சம். படுக்க வைத்த நேரம், உண்மையில் தூங்கிய நேரம், எழுந்த நேரம், பகல் தூக்கம் ஒவ்வொன்றும் தொடங்கி முடிந்த நேரம், பால் நேரம் எல்லாம் வேண்டும். எழுந்தபோது கேட்ட சத்தத்தையும் ஓரமாகக் குறியுங்கள். இந்தக் கடைசிக் குறிப்பைப் பலரும் விட்டுவிடுவார்கள். ஐந்து நாளில் மூன்று நாள் ‘எதிர்வீட்டு மோட்டார்’ என்று எழுதியிருந்தால் மற்றதெல்லாம் படிக்கவே தேவையில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, 4 முதல் 11 மாதக் குழந்தைக்கு ஒரு நாளில் பகலும் இரவும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஒரு வயது முதல் இரண்டு வயது வரை 11 முதல் 14 மணி. இதை வைத்து மூன்று தாள்களைப் பாருங்கள்.

முதல் தாள், பத்து மாதக் குழந்தை. இரவு 9.30க்குத் தூங்கி 4.50க்கு எழுகிறது, அது 7 மணி 20 நிமிடம். பகலில் 6.45 முதல் 8.15, 12.30 முதல் 2.00, 5.30 முதல் 6.10. பகல் மொத்தம் 3 மணி 40 நிமிடம். ஆக 11 மணி. குறைந்தபட்சத்துக்கே ஒரு மணி குறைகிறது. இது நிஜமான பிரச்சினை.

இரண்டாவது தாள், இதுவும் பத்து மாதம். இரவு 8 முதல் காலை 5 வரை 9 மணி. பகலில் இரண்டு மணி நேரமும் இரண்டே கால் மணி நேரமும். மொத்தம் 13 மணி 15 நிமிடம். தூக்கம் போதுமானது, பகலில் கூடிவிட்டது. பகல் தூக்கத்தை மொத்தம் மூன்று மணி நேரத்துக்குள் நிறுத்தினால் மிச்சம் இரவுக்குப் போய்ச் சேரும். தூங்கும் குழந்தையை எழுப்பக் கூடாது என்பார்கள். பகலில் எழுப்பலாம், எழுப்பத்தான் வேண்டும்.

மூன்றாவது தாளில் குழந்தை 7.15க்குத் தூங்கி 5.45க்கு எழுகிறது. பத்தரை மணி நேரம். அந்தக் குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை, நமக்குத்தான் இன்னும் தூங்க வேண்டியிருக்கிறது. இதைப் பற்றிக் கடைசியில்.

எட்டு மணி ரகசியம்

முதல் தாளில் 6.45க்குத் தொடங்கும் பகல் தூக்கத்தை மறுபடி பாருங்கள். நாலே முக்காலுக்கு எழுந்த குழந்தை ஆறரைக்குக் கண்ணைக் கசக்குகிறது. ‘பாவம், ராத்திரி சரியாவே தூங்கல’ என்று போட்டுத் தாலாட்டினால் இரண்டு நிமிடத்தில் தூங்கிவிடும். ஒன்றரை மணி நேரம் அசையாது. எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அது பகல் தூக்கமே அல்ல. இரவின் கடைசிச் சுற்று, நடுவே இரண்டு மணி நேர விளையாட்டு இடைவேளையோடு, இங்கே வந்து முடிகிறது. உடம்பு இதைக் கற்றுக்கொள்ளும். விட்ட தூக்கத்தை ஆறே முக்காலுக்குப் பிடித்துக்கொள்ளலாம் என்று தெரிந்த பிறகு, நாலே முக்காலுக்குத் திரும்பத் தூங்க வேண்டிய அவசியம் அதற்கு ஏது?

அதனால் முதல் பகல் தூக்கத்தைத் தள்ளுவதுதான் இந்த வைத்தியத்தின் முதுகெலும்பு. ஒரே நாளில் எட்டரைக்குத் தள்ளக் கூடாது. குழந்தை அழுது தீர்த்துவிடும், அந்தத் தூக்கமும் அரை மணியில் முடிந்துவிடும். இரண்டு நாளுக்கு ஒரு முறை 15 நிமிடம். 6.45லிருந்து 8.30க்குப் போக ஏழு படி, பதினான்கு நாள். ஒவ்வொரு படியிலும் கடைசிக் கால் மணி நேரம் கஷ்டம்தான். அதற்கு வெளியே தூக்கிப் போங்கள். மொட்டை மாடி, தெருமுனை, காக்காய், நாய்க்குட்டி. ஏழரை மணி வெயில் வெளிச்சம் கண்ணில் படும்போது தூக்கக் கலக்கம் கொஞ்சம் விலகும். காரிலோ பைக்கிலோ கூட்டிப் போக வேண்டாம், ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடும். அந்த ஐந்து நிமிடத் தூக்கம் பின்னால் வரும் முழுத் தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

விழித்திருக்கும் இடைவெளிக்கு நடைமுறையில் சொல்லும் அளவுகள் உண்டு. ஆறு மாதத்தில் இரண்டு முதல் மூன்று மணி, ஒன்பது மாதத்தில் இரண்டரை முதல் மூன்றரை, ஒரு வயதில் மூன்று முதல் நாலு. அனுபவத்தில் வந்த கணக்கு இது, சட்டம் இல்லை. இதில் ஒரு பொறி இருக்கிறது. ‘எழுந்து மூன்று மணி ஆச்சு’ என்று எண்ணினால், 4.50க்கு எழுந்த குழந்தைக்கு 7.50 ஆகிவிடும். எண்ணத் தொடங்க வேண்டியது குழந்தை எழுந்த நேரத்திலிருந்து அல்ல, எழ வேண்டிய நேரத்திலிருந்து. அதாவது ஆறு மணியிலிருந்து. அதை நோக்கித்தான் பதினைந்து பதினைந்து நிமிடமாக நகர்கிறோம்.

முதல் தூக்கம் நகர்ந்தால் மற்றவையும் நகர வேண்டும். எட்டரை முதல் ஒன்பதே முக்கால், ஒன்றரை முதல் மூன்று, இரவு ஏழேகால் என்பது பத்து மாதக் குழந்தைக்கு ஓரளவு பொருந்தும் அமைப்பு. மாலை ஐந்தரைத் தூக்கம் போயே ஆக வேண்டும். அதுதான் இரவை ஒன்பதரைக்குத் தள்ளியது.

‘ராத்திரி லேட்டா தூங்க வெச்சா காலைல லேட்டா எழும்’ என்று எல்லா வீட்டிலும் யாராவது சொல்வார்கள். பெரியவர்களுக்குச் சரி. குழந்தை விஷயத்தில் பெரும்பாலும் எடுபடாது. எழும் நேரத்தை வெளிச்சமும் கடிகாரமும் பிடித்திருப்பதால், பத்து மணிக்குப் படுத்தாலும் அதே ஐந்துதான். நடுவில் இரண்டு மணி நேரத் தூக்கம் காணாமல் போனதுதான் மிச்சம். மாறாக, தூக்கம் குறைந்த குழந்தையை ஒரு வாரம் முன்னதாகப் படுக்க வைத்தால் எழும் நேரம் பின்னால் போவது உண்டு.

ஏழேகால் என்றதும் வரும் பதில் தெரியும். அப்பா வீட்டுக்கு வருவதே எட்டரைக்கு. அது நியாயமான சங்கடம். காலை ஆறிலிருந்து ஏழரை வரை அப்பாவுக்கு விட்டுவிடுவது ஒரு வழி. குளிப்பாட்டல், இட்லி ஊட்டல் எல்லாம் அவருடையது. அதுவும் முடியாதென்றால் மாலை நாலரைக்குள் முடிகிற மாதிரி 20 நிமிடக் குட்டித் தூக்கம் ஒன்று போட்டு, இரவை எட்டு மணிக்கு வையுங்கள். எட்டரைக்கு வந்தவர் தூங்குகிற குழந்தையின் கன்னத்தைத் தொடாமல் இருப்பது அவர் பாடு.

பதின்மூன்று மாதத்திலிருந்து பதினெட்டு மாதத்துக்குள் இரண்டு பகல் தூக்கம் ஒன்றாகும். அந்தக் காலத்தில் வரும் விடிகாலை விழிப்புக்குக் காரணம், காலைத் தூக்கத்தை விடாமல் பிடித்து வைத்திருப்பது. இரண்டாவது தூக்கத்தை இரண்டு வாரமாகக் குழந்தை மறுத்து வந்தால் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். காலைத் தூக்கத்தை அதே பதினைந்து நிமிடக் கணக்கில் பன்னிரண்டு வரை நகர்த்துங்கள். சாப்பாட்டைப் பதினொன்றே காலுக்கு முன்னால் கொண்டுவாருங்கள். பசியோடு தூங்கினால் நாற்பது நிமிடத்தில் எழுந்துவிடும்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது

சென்னையில் ஜூன் தொடக்கத்தில் சூரிய உதயம் 5.42 வாக்கில். பிப்ரவரி தொடக்கத்தில் 6.36 வாக்கில். கோவையில் இதைவிடக் கால் மணி நேரம் போலத் தாமதம். உதயத்துக்கு இருபது நிமிடம் முன்பே வானம் வெளுத்துவிடும். அதாவது ஜூனில் ஐந்து இருபதுக்கே அறைக்குள் வெளிச்சம். தை மாதம் ஆறரை வரை தூங்கிய குழந்தை வைகாசியில் ஐந்தரைக்கு எழுந்தால் குழந்தை மாறவில்லை, பருவம் மாறியிருக்கிறது. போதாக்குறைக்கு அந்த மாதங்களில்தான் குயிலும் விடியுமுன் ஆரம்பிக்கும்.

விடிகாலை வெளிச்சம் அன்றைய தூக்கத்தைக் கெடுப்பதோடு நிற்காது. உடல் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளும். நாலே முக்காலுக்கு டியூப்லைட் போட்டு டயப்பர் மாற்றினால், நாளையும் அதே நேரத்துக்கு எழச் சொல்லிக் கொடுத்த மாதிரி. குழந்தையின் கண்ணில் லென்ஸ் தெளிவாக இருப்பதால் நமக்கு மங்கலாகத் தெரியும் வெளிச்சம் அதற்கு இன்னும் அதிகமாகவே போய்ச் சேரும். ராத்திரிக்குச் சிவப்பு அல்லது ஆரஞ்சு நிற ஜீரோ வாட்ஸ் பல்பு போதும், அதுவும் குழந்தையின் கண்ணுக்கு நேராக இல்லாமல் தரையோரமாக. நீலமும் வெள்ளையும் வேண்டாம்.

அறையை இருட்டாக்குவது திரைத்துணி வாங்குவதோடு முடியாது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கதவு, ஜன்னல், திரை எல்லாவற்றையும் சாத்திவிட்டு, குழந்தை படுக்கும் இடத்தில் நீங்கள் படுத்து, ஐந்து நிமிடம் கழித்துச் சுற்றிப் பாருங்கள். நீட்டிய கையின் விரல்களை எண்ண முடிந்தால் இருட்டு போதாது. நம் ஊர் வீடுகளில் வெளிச்சம் ஜன்னலைவிட அதற்கு மேலே இருக்கும் வென்டிலேட்டர் வழியாகத்தான் ஒழுகும். அதை யாரும் மூடுவதில்லை. கறுப்பு சார்ட் பேப்பரைக் கண்ணாடி அளவுக்கு வெட்டி டேப் போட்டு ஒட்டினால் போதும். அடுத்தது திரைக் கம்பிக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்து. கம்பியில் தொங்கும் திரை எவ்வளவு தடியாக இருந்தாலும் மேல்பக்கம் வெளிச்சம் கொட்டும். ஜன்னலைவிட நாலு பக்கமும் ஒரு சாண் பெரிதாகக் கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாகத் தைத்து, சுவரில் வெல்க்ரோ ஒட்டி மாட்டுவது மலிவு, காரியமும் ஆகும். கதவடியில் பழைய துண்டைச் சுருட்டி வைக்கலாம். ஏசியின் பச்சை எண், மோடத்தின் நீல விளக்கு இவற்றின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு.

ஏசி இல்லாத வீட்டில் இப்படி எல்லாவற்றையும் அடைத்தால் அறை அடுப்பாகிவிடும். அங்கே துணியைச் சுவரோடு ஒட்டாமல், கொசுவலை அடித்த ஜன்னலுக்கு முன்னால் நாலு விரற்கடை தள்ளித் தொங்கவிடுங்கள். காற்று பக்கவாட்டில் வரும், நேர் வெளிச்சம் வராது. முழு இருட்டு கிடைக்காது, பாதி கிடைக்கும். வியர்த்து எழும் குழந்தையைவிட அது மேல்.

குளிர், கொசு, சத்தம்

ராத்திரியில் அதிகக் குளிர் நாலிலிருந்து ஐந்தரை வரை. படுக்கும்போது சரியாக இருந்த ஃபேன் வேகம் அப்போது கூடுதல். ஏசி வைத்தால் 24 முதல் 26 டிகிரி. மின்சாரத்தை மிச்சப்படுத்த நாலு மணிக்கு அணையும்படி டைமர் வைப்பவர்கள் ஐந்து மணி விழிப்புக்கு வேறு காரணம் தேட வேண்டாம். குளிர்கிறதா என்று கைகாலைத் தொட்டுப் பார்க்காதீர்கள், அவை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பிடரியில் கை வையுங்கள். வெதுவெதுப்பாக, வியர்வையின்றி இருந்தால் சரி. ஒரு வயதுக்குள் போர்வையும் தலையணையும் வேண்டாம், முகத்தில் ஏறினால் ஆபத்து. உள்ளே ஒரு பனியன், மேலே முழுக்கைச் சட்டை என்று அடுக்காகப் போடுங்கள். மல்லாக்கப் படுக்க வைப்பதும், மெத்தை அமுங்காமல் கெட்டியாக இருப்பதும் கட்டாயம்.

துணி நாப்கின் நனைந்தால் குளிர் இரட்டிப்பு. இரவுக்கு மட்டுமாவது டயப்பர் போடுங்கள். பகலில் போடுவதைவிட ஒரு அளவு பெரியது. காலையில் பின்பக்கம், இடுப்போரம் ஈரம் கசிந்திருந்தால் அளவு போதவில்லை.

கொசுவத்திச் சுருள் ஒன்று ஏறக்குறைய எட்டு மணி நேரம் எரியும். இரவு எட்டரைக்கு ஏற்றினால் நாலரைக்கு அணைந்துவிடும், அப்போது கொசு வரும். குழந்தை இருக்கும் அறையில் அந்தப் புகையே வேண்டாம் என்பதுதான் சரி. கொசுவலை போதும். வலையில் கையோ காலோ ஒட்டிக்கொண்டு தூங்கினால் கொசு வெளியிலிருந்தே கடிக்கும், அதனால் வலை அகலமாக இருக்கட்டும். விளிம்பை மெத்தைக்கு அடியில் செருகுங்கள்.

சத்தத்துக்கு வருவோம். ஒலிபெருக்கியை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவெளியில் வைக்கக் கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. மார்கழி மாதத்தில் அதைப் பேசிப் பயனில்லை என்பது தெருவில் குடியிருக்கும் எல்லோருக்கும் தெரியும். சத்தத்தை நிறுத்த முடியாத இடத்தில் அதை மூழ்கடிக்கலாம். டேபிள் ஃபேனைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தால் வரும் ஒரே சீரான இரைச்சலே போதும். கருவி வாங்குவதானால் குழந்தையிடமிருந்து ஏழு அடியாவது தள்ளி, 50 டெசிபலுக்கு மேல் போகாமல், இரவு முழுக்க ஓட வேண்டும். ஒரு மணி நேரத்தில் தானாக நின்றுவிடும் வகை வேண்டாம். நாலரை மணிக்குத்தான் அது தேவை. கரண்ட் போனால் ஃபேன் சத்தம் நிற்பதே குழந்தையை எழுப்பிவிடும், ஆகவே அந்த ஒரு ஃபேனையாவது இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள். சமையலறை மிக்ஸியையும் தண்ணீர் மோட்டாரையும் ஆறு மணிக்கு மேல் வைத்துக்கொள்வது வீட்டுக்குள் பேசி முடிக்க வேண்டியது.

தூளி

தூளியில் தூங்கிப் பழகிய குழந்தைக்கு விடிகாலைச் சிக்கல் ஒரு பங்கு கூடுதல். ஆட்ட ஆட்டத் தூங்கிப்போன குழந்தை, சுற்று முடிந்து லேசாகக் கண் விழிக்கும்போது ஆட்டம் நின்றிருப்பதை உணர்கிறது. பத்து மணிக்குக் களைப்பு அதை இழுத்துக்கொண்டு போய்விடும். நாலரைக்குக் களைப்பு இல்லை, ஆட்டம்தான் வேண்டும். தூக்கக் கலக்கத்தில் ஒரு கையால் சேலையைப் பிடித்து ஆட்டும் அம்மாக்களுக்கு இது தெரியும். கை ஓய்ந்த மறு நிமிடம் தூளிக்குள் ஒரு நெளிவு, சேலையில் ஒரு குதிகால் புடைப்பு, பிறகு முனகல். மோட்டார் தொட்டில் வாங்கினால் கை மிச்சம், பழக்கம் மிச்சமாகாது. குப்புறக் கவிழத் தொடங்கிய குழந்தையை யாரும் பக்கத்தில் இல்லாமல் தூளியில் விடக் கூடாது என்பது தனி.

மாற்ற ஒரு வாரம், பத்து நாள் எடுக்கும். முதல் இரண்டு நாள் கண் மூடியதும் ஆட்டத்தை நிறுத்துங்கள், ஆழ்ந்து தூங்கும் வரை போகாதீர்கள். அடுத்த இரண்டு நாள் கண் சொருகும்போதே நிறுத்தி, மேலே கை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தூளியில் சொக்க வைத்துப் பாய் மெத்தையில் மாற்றுங்கள். கடைசியாக மெத்தையிலேயே தட்டிக்கொடுத்து. இரவுத் தூக்கத்தில் மட்டும் தொடங்குங்கள். பகலில் தூளி இருந்துவிட்டுப் போகட்டும்.

எழுந்துவிட்ட பிறகு

இவ்வளவும் செய்தாலும் முதல் வாரம் எழத்தான் செய்யும். முதலில் அது உண்மையில் எழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கண் மூடியபடியே முக்கும், முனகும், காலைத் தூக்கித் தூக்கித் தொப்பென்று போடும், அழுவது போல முகம் சுளிக்கும். இதெல்லாம் கனவுத் தூக்கத்தில் நடப்பது. அம்மா பதறித் தூக்கியதால் எழுந்த குழந்தைகள் நிறைய. இரண்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு படுத்திருங்கள்.

கண் திறந்து தானாகப் பேசிக்கொண்டிருந்தால் பத்து நிமிடம் விடுங்கள். அழுதால் உடனே போகலாம், ஆனால் ஆறு மணி வரை அது ராத்திரிதான் என்பதில் வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். விளக்கு இல்லை, பேச்சு இல்லை, ஹாலுக்கு வருவது இல்லை, போன் கண்டிப்பாக இல்லை. ஈரம் இருந்தால் இருட்டிலேயே மாற்றிவிட்டுத் தட்டிக்கொடுங்கள். ஆறு மணி அடித்ததும் திரையை விலக்கி, விளக்கைப் போட்டு, ‘விடிஞ்சிருச்சுடா செல்லம்’ என்று குரலை உயர்த்தி ஒரு சின்ன நாடகமே போடுங்கள். ராத்திரிக்கும் காலைக்கும் கோடு அங்கேதான் விழ வேண்டும். அழுகைக்கு நடுவே தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் அழுகைக்கும் விடியலுக்கும் முடிச்சு விழுந்துவிடும். சமாதானப்படுத்தி, ஐந்து நிமிடம் கழித்துத் திரையை விலக்குங்கள்.

இந்த இடத்தில்தான் பாட்டி வருவார். நாலரைக்கே எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டவர். ‘நீ தூங்கு கண்ணு, புள்ளைய நான் பாத்துக்குறேன்’ என்று ஐந்து மணிக்கு வாங்கிக்கொண்டு போய், டிவியில் பக்திப் பாட்டைப் போட்டு, மடியில் வைத்துக் கொஞ்சுவார். பிரியமும் உதவியும்தான். குழந்தையின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஐந்து மணிக்கு எழுந்ததற்குக் கிடைக்கும் பரிசு அதைவிடப் பெரிதாக இருக்க முடியாது. ‘அத்தை, ஆறு மணிக்குப் புள்ளைய உங்ககிட்டத்தான் தருவேன், அதுவரைக்கும் ரூமுக்குள்ளயே இருக்கட்டும்’ என்று முதல் நாளே சொல்லிவிட்டால் மனத்தாங்கல் வராது. ஆறு மணிக்கு அவரிடம் கொடுத்துவிட்டு அம்மா இன்னும் ஒரு மணி நேரம் படுக்கலாம்.

பால் விஷயம். ஆறு மாதத்துக்குள் விடிகாலைப் பாலை நிறுத்த நினைக்கவே கூடாது. அதற்கு மேல், எடை சரியாக ஏறும் குழந்தை என்றால், பசியா பழக்கமா என்று பார்க்கலாம். இரண்டு பக்கமும் முழுதாகக் குடித்துவிட்டுத் தூங்கிப்போனால் பசி. மூன்று நிமிடம் சப்பிவிட்டுச் சிரித்தால் பழக்கம். புட்டிப்பால் 120 மில்லி குடிக்கிற குழந்தைக்கு இரண்டு மூன்று நாளுக்கு 30 மில்லி வீதம் குறைக்கலாம். தாய்ப்பால் என்றால் இரண்டு நாளுக்கு 10 நிமிடம் தள்ளித் தள்ளிக் கொடுக்கலாம், படுத்தபடி, இருட்டில். குறைத்ததைப் பகலில் ஈடுகட்ட வேண்டும். ஒன்பது மாதத்துக்கு மேல் ஒரு வேளைக்கு அரைக் கிண்ணம், ஒரு நாளில் மூன்று நாலு வேளை கெட்டியான உணவு. ராத்திரி தூங்குவதற்காகப் பால்புட்டியில் கேழ்வரகுக் கஞ்சியோ பிஸ்கட்டோ கரைத்து ஊற்றுவது தூக்கத்தை நீட்டாது, புரையேறும் ஆபத்துதான் கூடும். ஜாதிக்காய் உரசி நாக்கில் தடவும் வழக்கமும் வேண்டாம். ஜாதிக்காய் அளவு மீறினால் நஞ்சு. உரைகல்லில் எத்தனை உரசலில் எவ்வளவு இறங்குகிறது என்று யாராலும் அளக்க முடியாது.

எட்டு மாதம், பத்து மாதத்தில் தவழவும் பிடித்து நிற்கவும் பழகும்போது விடிகாலையில் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றுகொண்டு, உட்காரத் தெரியாமல் அழும். பகலில் நிற்கிற குழந்தைக்குக் கீழே ஒரு பொம்மையைக் காட்டி, முழங்காலை மடக்கி உட்காரப் பத்துத் தடவை பழக்கினால் இரண்டு வாரத்தில் தீரும்.

இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்குச் சொன்னால் புரியும். கடையில் கிடைக்கும் 24 மணி நேர டைமர் பிளக்கில் பச்சை ஜீரோ வாட்ஸ் பல்பு மாட்டி, ‘பச்சை எரிஞ்சாத்தான் எழுந்துக்கணும்’ என்று பழக்கலாம். ஐந்தரைக்கு எழும் பிள்ளைக்கு முதல் நாளே ஆறரைக்கு வைத்தால் தோற்றுவிடும். ஐந்து நாற்பத்தைந்துக்கு வைத்து, ஜெயிக்கவிட்டு, மூன்று நாளுக்கு ஒரு முறை கால் மணி தள்ளுங்கள்.

மூன்று வாரம் இப்படி ஒழுங்காகச் செய்தும் கொஞ்சமும் அசையவில்லை என்றால் மருத்துவரிடம் கேளுங்கள். தினமும் குறட்டை, விடிகாலையில் இருமல் அல்லது இளைப்பு, ராத்திரி ஆசனவாயில் அரிப்பு, வெளிறிய உதடு, ஏறாத எடை, காதைப் பிடித்துக்கொண்டு காய்ச்சலோடு அழுவது இவற்றில் ஒன்று இருந்தால் மூன்று வாரம் காத்திருக்கவும் வேண்டாம். நூல்புழுவும் ரத்தசோகையும் தூக்கத்தைக் கெடுக்கும், மருந்தில் சரியாகும்.

மூன்றாவது தாள் குழந்தைக்கு வருவோம். பத்தரை மணி தூங்கி, ஐந்தே முக்காலுக்குச் சிரித்துக்கொண்டு எழுந்து, எட்டரை வரை சிணுங்காமல் விளையாடினால் அதை மாற்ற மல்லுக்கட்டுவது வீண். பெரியவர்கள்தான் முறை வைத்துக்கொள்ள வேண்டும். திங்கள், புதன், வெள்ளி ஒருவர், செவ்வாய், வியாழன், சனி மற்றவர், ஞாயிறு பேசித் தீர்க்கலாம். முறை இல்லாதவர் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு படுக்கட்டும். முறைக்காரர் டயப்பர், மாற்றுத் துணி, பால் பவுடர், பிளாஸ்க்கில் வெந்நீர் எல்லாவற்றையும் முதல் நாள் ராத்திரியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்தே முக்காலுக்குக் கதவைத் தட்டி ‘அந்தப் பச்சை மூடி எங்க வெச்ச?’ என்று கேட்டால் அன்றைக்கு இரண்டு பேருக்கும் தூக்கம் போச்சு.